கண்டதும் கேட்டதும்

நேயர்களே, சென்ற வாரம் இத்தொடரில் தமிழில் எழுதப்பட்ட தன்வரலாறுகளைப் பற்றிப் பேசினேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு பேசியதையெல்லாம் நாடகம் போல வரிவரியாக எழுதியிருக்கிறாரே, இத்தனை வருடத்துக்கு முந்திய பேச்சு ஒருவருக்கு அப்படியே நினைவிருக்குமா, அல்லது எல்லாம் கற்பனைதானா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பிள்ளையவர்கள் காலமானது 1876இல். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். இடையில் அறுபத்துநான்கு ஆண்டுகள். ஐயர் தமக்கு வந்த கடிதங்களை வாழ்நாள் முழுவதும் பத்திரப்படுத்தியவர். அந்தத் துணை அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் திண்ணையில் இருந்து பேசிய பேச்சுக்கு எந்தக் கடிதம் சாட்சி? கற்பனையா என்றால் இல்லை. அப்படியேதான் பேசினார்களா என்றால் அதற்கும் இல்லை என்றே சொல்வேன். இந்த இரண்டு 'இல்லை'களுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை என்னுடைய நினைவு ஒன்றை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். பெரியவர்களின் நினைவைக் கிண்டுவதிலும் பார்க்க அது மரியாதை.

நான் பிறந்து வளர்ந்தது குருநகரில். பழைய ஆட்களுக்கு அது கரையூர். யாழ்ப்பாணப் பொது நூலகம் எங்கள் கரையிலிருந்து நடை தூரம். 1981இல் அது எரிக்கப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. அந்த இரவு எனக்கு இப்படி நினைவிருக்கிறது. அப்பு என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப் போகிறார். வானம் ஒரு பக்கம் முழுவதும் சிவந்து கிடக்கிறது. ஆட்கள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. காற்றிலே கருகிய கடுதாசித் துண்டுகள் வந்து விழுகின்றன. நான் குனிந்து ஒன்றைப் பொறுக்குகிறேன். அதிலே 'ழ' என்ற எழுத்து மட்டும் எரியாமல் இருக்கிறது.

பாருங்கள், எவ்வளவு பொருத்தமான எழுத்து! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன்.

2011ஆம் ஆண்டு, நூலகம் எரிந்து முப்பது வருடம் ஆனபோது, எங்கள் ஊரில் நடந்த சிறு கூட்டமொன்றிலும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் கடற்றொழில் செய்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "மோனை, சொன்னது நல்லாயிருந்தது. ஆனால் யூனிலை வீசிறது சோளகமெல்லோ? சோளகம் எங்கட கரைக்கு எப்பிடிச் சாம்பலைக் கொண்டு வரும்?" என்றார். அவ்வளவுதான். கோபமோ கேலியோ இல்லை. காற்றைப் பற்றி ஒரு தகவல் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. எங்கள் கரையோ நூலகத்துக்குத் தென்கிழக்கே கிடக்கிறது.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய பதில் காற்றைவிட மோசமாக இருந்தது.

"நீ எங்கை கண்டனி? உனக்கு அண்டைக்குக் கொப்புளிப்பான். அம்மா உன்னை வேப்பிலையோட அறைக்குள்ளை கிடத்தி வைச்சிருந்தவ. அப்புவோட போனது நான். கடுதாசி பொறுக்கினதும் நான்தான்."

"கரையிலயோ?"

"கரையிலயோ? நாங்கள் சென். பற்றிக்ஸ் பக்கம் மட்டும் போனனாங்கள்."

"எழுத்து?"

"எழுத்தும் இல்லை, கிழுத்தும் இல்லை. கறுத்துச் சுருண்டு கிடந்தது."

அம்மா அப்போது உயிரோடு இருந்தார். கேட்டேன். "கொப்புளிப்பான் அதுக்கு முந்தின வருசமெல்லோ வந்தது?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஆக ஒரே வீட்டில், ஒரே இரவுக்கு, மூன்று நினைவுகள்.

எங்கள் வீட்டை விடுங்கள். அச்சில் வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலகம் எரிந்தது மே 31ஆம் திகதி இரவு என்று எழுதியவர்களும் உண்டு, யூன் முதலாந் திகதி இரவு என்று எழுதியவர்களும் உண்டு. மே 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு தொடங்கிய எரிப்பு ஓர் இரவோடு நிற்கவில்லை. கடைகள், ஈழநாடு பத்திரிகை அலுவலகம், கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினரின் வீடு என்று அடுத்தடுத்து எரிந்தன. நெருப்பைக் கண்டவர்களுக்கு அந்த இரவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. போதாததற்கு, நள்ளிரவுக்குப் பிறகு நடப்பதை எந்தத் திகதியில் போடுவது என்ற சிக்கலும் இருக்கிறது. தாவீது அடிகளாரின் கதையும் அப்படித்தான். எரிகிற நூலகத்தைச் சென். பற்றிக்ஸ் மாடியிலிருந்து கண்டு அதிர்ச்சியில் உயிர் விட்டவர் என்று நாங்கள் எல்லோரும் அறிந்த அந்தப் பன்மொழிப் புலவருக்குத் தெரிந்த மொழிகளின் தொகை, எனக்குச் சொன்னவர்களின் வாயில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக இருந்தது. சோமீதரன் 2008இல் இந்த நூலகத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'எரியும் நினைவுகள்'. பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இப்படி ஏன் நடக்கிறது? நினைவை ஒரு பெட்டகம் என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். வைத்ததை வைத்தபடி எடுக்கலாம் என்பது அந்த எண்ணம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரடெரிக் பாட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயருக்கு வாசிக்கக் கொடுத்தார். பிறகு நாட்கள், மாதங்கள் கழித்து அதைத் திரும்ப எழுதச் சொன்னார். கதையிலிருந்த மரத்தோணி அவர்கள் எழுத்தில் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடியாகிவிட்டது. விளங்காத இடங்கள் காணாமற் போயின, அல்லது விளங்கும்படி திருத்தப்பட்டன. இத்தனைக்கும் பொய் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு, இடையில் இருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நினைவு புதிதாகக் கட்டப்படுகிறது என்பதுதான் பாட்லெட் கண்டது. சாமிநாதையருக்கும் இது பொருந்தும். ஆசிரியரின் குணம், குரல், அவர் எதற்குச் சிரிப்பார், எதற்கு மௌனமாவார் என்பதெல்லாம் ஐயருக்குள் ஆழப் பதிந்திருந்தன. சொற்களை அவர் அதிலிருந்து திரும்பக் கட்டினார். நேயரே, உங்கள் கேள்விக்கு என் விடை அதுதான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

மூளைக்குள் இந்த வேலை நடக்கும் இடங்களில் முக்கியமான ஒன்றுக்கு ஹிப்போகம்பஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் கடற்குதிரை. அந்த வடிவில் வளைந்திருப்பதால் அப்படி அழைத்தார்கள். எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பைக் குணப்படுத்த இரண்டு பக்கத்துக் கடற்குதிரையிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை அவரிடம் புதிய சம்பவம் எதுவும் தங்கவில்லை. காலையில் பேசியவரை மாலையில் அறியார். ஆனால் பழைய நினைவுகள் பல இருந்தன. கைவேலைப் பழக்கங்களையும் புதிதாகக் கற்க முடிந்தது. நினைவு ஒன்றல்ல, பல வகை என்று தெரிந்தது அவரால்தான்.

2000ஆம் ஆண்டில் இன்னொன்று தெரிய வந்தது. நியூயோர்க்கில் கரீம் நாடர் என்பவரும் துணையாளர்களும் எலிகளுக்கு ஓர் ஓசையைக் கேட்டால் அஞ்சும்படி பழக்கினார்கள். நன்றாகப் படிந்துவிட்ட அந்தப் பயத்தை மீண்டும் நினைவூட்டிய கையோடு, புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தியபோது பயம் மங்கிப்போயிற்று. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது நினைவை எடுத்துப் பார்க்கும் வேளையில் அது இளகுகிறது, திரும்ப இறுக வேண்டியிருக்கிறது. எலிக்குக் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்துமா என்பதில் வாதங்கள் உண்டு. ஆனால் என் 'ழ' எப்படி வந்திருக்கும் என்று இதை வாசித்த பிறகு என்னால் ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு மேடையிலும் கதை இளகியது. ஒவ்வொரு மேடையிலும் கொஞ்சம் மெருகு ஏறி இறுகியது.

'எனக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது' என்று சொல்பவர்களை எனக்கு இப்போது பயம். நண்பர் ஒருவர், 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை அன்றிரவே தம் வீட்டு ரி.வி.யில் கண்டதாகச் சத்தியம் செய்வார். 1990இல் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. அவர் வீட்டில் ஜெனரேற்றர் இருந்ததே இல்லை. செய்தியைக் காதால் கேட்டார். படத்தைப் பின்னர் கொழும்பில் கண்டார். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவருக்கு நல்ல துணை இருக்கிறது. நினைவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற உல்ரிக் நைசர், 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது தாம் வானொலியில் பேஸ்போல் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல்லாண்டு காலம் நம்பியிருந்தார். டிசெம்பரில் அமெரிக்காவில் பேஸ்போல் ஆடுவதில்லை! அவர்தான் பிறகு, 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாட் காலையே மாணவர்களிடம் செய்தி அறிந்த விதத்தை எழுதி வாங்கி, இரண்டரை வருடத்துக்கு மேல் கழிந்த பின் மறுபடியும் கேட்டவர். காற்பங்கினர் எல்லாவற்றையும் பிழையாகச் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

பிறர் சொல்லும் நினைவைக் கெடுக்கும். 1974இல் எலிசபெத் லொஃப்டஸ் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் 'முட்டியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார். நொறுங்கிய கார்களுக்கு வேகம் கூடியது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்றபோது 'ஓம்' என்றவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டவர்களிலேயே அதிகம். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 1995இல் அவர் இன்னும் துணிந்தார். சிறுவயதில் நீ கடைத்தொகுதியில் தொலைந்து போனாய் என்ற பொய்க் கதையை, உறவினர் சொன்னதாக இருபத்துநான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தார். காற்பங்கினருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ 'நினைவு' வந்தது. அந்த ஆய்வைக் குறை கூறியோரும் உண்டு. ஆனால் அக்காவின் கதை என் கதையாக மாறிய வழி அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நினைவை வளர்க்க முடியாதா? முடியும். எங்கள் அப்புவே சாட்சி. எழுத்து வாசிப்பு அதிகம் இல்லாத மனிதர். நாட்டுக்கூத்தில் ஆடியவர். விடிய விடிய ஆடும் எஸ்தாக்கியார் கூத்தில் தன் பாட்டை மட்டுமல்ல, எதிரே நிற்பவரின் பாட்டையும் அறிவார். மாதக்கணக்காக இரவிரவாகப் பழகுவார்கள். அண்ணாவியார் ஒரு வரி சொல்ல, திருப்பிச் சொல்லி, மறுநாள் மறந்து, மறுபடி சொல்லி, பிறகு சில நாள் விட்டு மறுபடி. 1885இல் ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நிலைக்கும் என்று அளந்து காட்டினார். அண்ணாவிமாருக்கு அது முன்னமே தெரியும். சதாவதானம் செய்த மேலைப்புலோலி கதிரைவேற்பிள்ளையும், கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் கவனத்தைப் பழக்கிப் பழக்கியே அந்த நிலைக்கு வந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். நூறு நூறு பாட்டைத் தவறாமல் பாடிய அதே அப்பு, தன் கல்யாணம் நடந்த வருடத்தைக் கேட்டால் தடுமாறுவார். கூத்துப் பாட்டில் ஒரு சொல் மாறினால் எதுகை இடறும், தாளம் காட்டிக்கொடுக்கும், மத்தளகாரர் முறைப்பார். வாழ்க்கைக் கதையில் ஒரு சொல் மாறினால் காட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஊரில் வருடங்களையே சம்பவங்களால்தான் சொல்வோம். மண்டைதீவுக் கடலில் வெட்டின வருசம், கோயிலுக்குக் குண்டு போட்ட வருசம் என்று. முன்னது 1986, பின்னது 1993. அந்த 1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்ட குருநகர் மீனவர்கள் 31 பேர் என்றும் எழுதியிருக்கிறார்கள், 33 பேர் என்றும் எழுதியிருக்கிறார்கள். தொகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவர்கள் மாலை வீடு திரும்பிவிட்டார்கள் என்று ஆகிவிடுமா? என் கடுதாசியில் 'ழ' இல்லை என்பதற்காக நூலகம் எரியாமலா போனது?

இதை நான் சற்று உரத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய். நான் மாமி என்று கூப்பிடுவேன். 1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போன வேளையில் அவருடைய மகனும் போனான். ஒரு காலைப்பொழுது சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. அன்றிலிருந்து மாமி எத்தனையோ இடங்களில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒவ்வோரிடத்திலும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நீலச் சேட்டு எண்டு சொல்லியிருக்கிறியள், இப்ப வெள்ளைக் கோடு போட்டது எண்டுறியள், எது உண்மை?" என்று கேட்டார்களாம். மாமியால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதார். "பெத்த பிள்ளை போட்டிருந்த சேட்டையே மறந்திட்டன் எண்டால் நான் என்ன தாய், தம்பி?"

முதல் தடவை எழுதியவர் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். மாமிக்கு மங்கலாக நினைவு. "நீலச் சேட்டோ போட்டிருந்தவர்?" என்று அவர் கேட்டிருக்கலாம், தான் தலையாட்டியிருக்கலாம் என்றார். இதுவும் பின்னால் கட்டிய நினைவாக இருக்கக்கூடும். நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெரும் பயமும் துக்கமும் நடுவிலிருப்பதை இறுக்கிப் பிடிக்கும், ஓரங்களைக் கைவிடும் என்பது ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் தம் தமிழ் நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். வடு இருக்கிறது என்றால் காயம் பட்டதா என்று கேட்க வேண்டியதில்லை. கத்தியின் பிடி என்ன நிறம் என்று அந்த வடுவைக் கேட்டுப் பயனுமில்லை.

1980களில் அமெரிக்காவில் கைசல்மன், ஃபிஷர் என்ற இருவர் சாட்சிகளிடம் கேட்கும் முறையொன்றை உருவாக்கினார்கள். இடைமறிக்கக் கூடாது. விடையைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. முதலில் அந்த இடத்தையும் பொழுதையும், மணத்தையும் ஓசையையும் மனதிலே கொண்டுவரச் சொல்ல வேண்டும். பிறகு அவர் போக்கில் சொல்ல விட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும்.

போன வருடம் மாமி ஒரு கொப்பியோடு வந்தார். தனக்கு வயது போகிறது, இனி யார் கேட்டாலும் இதைக் காட்டட்டும், எழுதித் தா என்றார். நான் அக்காவுக்கும் எனக்கும் நடந்ததைச் சொன்னேன். 'ழ'வைப் பற்றிச் சொன்னபோது நெடுநாளைக்குப் பிறகு மாமி சிரிப்பதைக் கண்டேன். பிறகு அந்தக் காலைப்பொழுதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் 'பிறகு?' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சைக்கிளின் முன் சில்லில் காற்றுப் போயிருந்தது. பக்கத்து வீட்டில் பம்ப் வாங்கி அடித்தான். படலையடியில் நின்று, "அம்மா, சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்றான்.

சேட்டு என்ற இடம் வந்தது. மாமி நிறுத்தினார்.

"அதை எழுதாதை. இடத்தை விட்டுவிடு."

ஒரு வரி விட்டேன். அவர் தொடர்ந்தார். அன்றைக்கு மூடி வைத்த சோற்றுக்கு சூடைமீன் சொதி வைத்திருந்ததாகச் சொன்னார். அதை எழுதினேன்.